பிஸ்மில்லாஹ்வில் தொடங்கும் ஒரு ராப் தொகுப்பு

1999 அக்டோபர் 12 அன்று அமெரிக்காவில் ‘பிளாக் ஆன் போத் சைட்ஸ்’ எனும் இசைத்தொகுப்பு வெளியாயிற்று. அதில் பதினேழு உருப்படிகள் உள்ளன. முதல் உருப்படியின் தொடக்கத்திலேயே ஓர் இளைஞரின் குரல் ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்று சொல்கிறது. அதைப் பாட்டாக இழுக்காமல், நூல் ஒன்றைத் திறப்பவர் சொல்வதுபோல இயல்பாகச் சொல்கிறது. குரலுக்குரியவர் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்தவர். பெற்றோர் இட்ட பெயர் டான்டே ஸ்மித். அந்நாளில் மோஸ் டெஃப் என்றும் இந்நாளில் யாசீன் பே என்றும் அறியப்படுபவர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

பிஸ்மில்லாஹ் சொல்வதற்கும் சட்டம் உண்டு என்பதை ஷாபிஈ மத்ஹபின் பாட நூல்களைக் கற்றோர் அறிவர். நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முஈன்’ நூலுக்கான ‘இஆனதுத் தாலிபீன்’ ஹாஷியாவின் தொடக்கப் பக்கங்களிலேயே அந்த ஆய்வு வருகிறது. தொழுகையில் அது கடமை. நற்செயல்களின் தொடக்கத்தில் விரும்பத்தக்கது. விலக்கப்பட்டதன் மீது சொல்வது விலக்கப்பட்டது. வெறுக்கத்தக்கதன் மீது சொல்வது வெறுக்கத்தக்கது. அப்படியானால் இந்தத் தொகுப்பின் மீது சொல்லப்பட்ட பிஸ்மில்லாஹ் எவ்வகையைச் சாரும்? இவ்வினாவுக்கு விடை சொல்லுமுன் அந்தத் தொகுப்பு எதனால் ஆனது, எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிந்தாக வேண்டும். ஒரு பொருளைச் சரியாக உருவகித்துக் கொண்ட பிறகே அதன் மீது தீர்ப்புரைக்க வேண்டும் என்பது நம் உஸூல் அறிஞர்கள் வகுத்த விதி. ராப் விஷயத்தில் நாம் அவ்விதியை மறந்துவிடுகிறோம். ஒரு சாரார் ‘ராப் என்றாலே ஆபாசம்’ என்று பேச்சை முடித்துவிடுகின்றனர். இன்னொரு சாரார் ‘பாருங்கள், ராப்பிலும் இஸ்லாம்’ என்று மகிழ்ந்து பேச்சை முடித்துவிடுகின்றனர். இரு சாராரும் அதைக் கேட்பதில்லை.

ராப் என்பது என்ன?

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் குடியிருப்பில் நடந்த ஒரு விருந்தைத்தான் ஹிப் ஹாப் கலையின் பிறப்பாகச் சொல்வது வழக்கம். ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் அங்கு இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தார். ஒரு பாட்டில் பாடகர் ஓய்ந்து தாளக் கருவிகள் மட்டும் முழங்கும் சில நொடிகளே ஆடுவோருக்கு மிகப் பிடித்திருப்பதைக் கண்டு, அத்துண்டுகளை அடுத்தடுத்து நீட்டித்துத் தரும் முறை அவரிடமிருந்து பரவிற்று. அந்தத் தாளத்தின் மீது எதுகையோடு பேசுவது ராப். ஆக, இது இராகத்தை முதன்மையாகக் கொண்ட கலையன்று. சொல்லும் ஓசைநயமும் அளவும்தான் அதன் உடல்.

அரபு இலக்கியம் பயின்றவருக்கு இது முற்றிலும் அந்நியமான உலகமன்று. ரஜஸ் எனும் யாப்பில் போர்க்களத்திலும் ஒட்டகப் பயணத்திலும் அந்தந்த நேரத்திலேயே கவிபுனைந்த மரபு நமக்குத் தெரியும். பஸராவின் மிர்பத் சந்தையில் ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஆண்டாண்டு காலம் ஒருவரையொருவர் தாக்கிப் பாடிய ‘நகாயிள்’ கவிதைகளும் தெரியும். ஒருவர் எந்த யாப்பில், எந்த இயைபில் பாடினாரோ அதே யாப்பிலும் இயைபிலும் மற்றவர் மறுமொழி தரவேண்டும். சந்தைக் கூட்டம் வெற்றி தோல்வியைச் சொல்லும். நியூயார்க் தெருமுனைகளில் ராப் கலைஞர்கள் மோதிக்கொண்ட முறையும் இதுவே. ஜரீரின் வசைக்கவிகளில் உள்ள சொற்கள் சிலவற்றை வகுப்பில் வாய்விட்டுப் படிக்க இயலாது என்பதையும் இங்கு சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இருந்தும் அவருடைய திவானை நாம் இலக்கண ஆதாரமாகக் கொள்கிறோம்.

ராப்பில் இஸ்லாமியச் சொற்கள் புழங்குவதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதில் கவனமாக அடிவைக்க வேண்டும். எலைஜா முஹம்மதின் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்திலிருந்து பிரிந்த கிளாரன்ஸ் 13 எக்ஸ் என்பவர் 1964இல் ஹார்லெமில் ‘ஐந்து விழுக்காட்டினர்’ என்றொரு குழுவைத் தொடங்கினார். கறுப்பின ஆணே இறைவன் என்பது அவர்களுடைய கொள்கை. தவ்ஹீதுக்கு நேர் எதிரான இக்கொள்கையை இஸ்லாம் என்று எவ்வகையிலும் சொல்ல முடியாது. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புகழ்பெற்ற ராக்கிம், பிராண்ட் நூபியன், வூ-டாங் கிளான் போன்றோரின் பாடல்களில் வரும் அரபுச் சொற்களில் பெரும்பகுதி இந்தக் குழுவின் வழியாக வந்தவையே. இன்னொரு பக்கம், 1975இல் எலைஜா முஹம்மது மறைந்தபின் அவருடைய மகன் வாரிஸுத்தீன் முஹம்மது தலைமையேற்று, பல்லாயிரம் மக்களைத் தொழுகையும் நோன்பும் உள்ள சுன்னத் வல் ஜமாஅத் வழிக்கு அழைத்து வந்தார். அமெரிக்க முஸ்லிம் வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்வு அரிது. அரபுச் சொல் ஒலிக்கும் ஒவ்வொரு ராப் பாட்டையும் ஒரே பட்டியலில் சேர்ப்போர் இவ்விரு ஓடைகளையும் கலந்துவிடுகின்றனர்.

மோஸ் டெஃப் இரண்டாவது ஓடையைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை நேஷன் இயக்கத்தில் இருந்து, பின்னர் வாரிஸுத்தீன் முஹம்மதின் சமூகத்தில் இணைந்தவர். பதின்மூன்றாம் வயதில் தந்தையிடம் ஒளூச் செய்யக் கற்றதாகவும், பத்தொன்பதாம் வயதில் ஷஹாதத் கலிமா மொழிந்ததாகவும் அவரே கூறியுள்ளார். சிறுவயதிலேயே தொலைக்காட்சியில் நடித்தவர். உடன்பிறந்தோருடன் ஒரு ராப் குழுவும் நடத்தியவர். 1996இல் ‘டி லா சோல்’ குழுவின் தொகுப்பில் ஒரு பாடலில் தோன்றினார். 1998இல் தாலிப் குவேலி என்ற நண்பருடன் ‘பிளாக் ஸ்டார்’ எனும் தொகுப்பை வெளியிட்டார். மார்கஸ் கார்வி நிறுவிய கப்பல் நிறுவனத்தின் பெயர் அது. இவ்விருவரும் சேர்ந்து புரூக்ளினில் ‘என்கிரு’ என்ற புத்தகக் கடையை விலைக்கு வாங்கினார்கள் என்பது இவர்களுடைய இயல்பைக் காட்டும் செய்தி. கடை மூடப்படும் நிலையில் இருந்தபோது வாங்கினார்கள். குவேலி அங்கு முன்பு வேலை பார்த்தவர்.

ஆக்கப்பட்ட விதம்

தொகுப்பை வெளியிட்ட நிறுவனம் ராக்கஸ் ரெக்கார்ட்ஸ். 1995இல் இரு இளைஞர்கள் தொடங்கிய சிறிய நிறுவனம். அவர்களுக்கு முதலீடு தந்தவர் ஜேம்ஸ் மர்டாக். உலகின் பல ஊடகங்களைக் கையில் வைத்திருந்த ரூபர்ட் மர்டாக்கின் மகன்தான் அவர். செல்வர்களையும் பங்குச்சந்தைக்காரர்களையும் கண்டிக்கும் பாடல்கள் எவருடைய பணத்தில் பதிவாயின என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளலாம். அப்பாஸியக் கவிஞர்கள் எவருடைய தீனாரில் வாழ்ந்தார்கள் என்பதையும் உடன் நினைப்பது நியாயம்.

ராப் தொகுப்பொன்றில் ஒவ்வொரு பாடலுக்கும் இசையமைப்பவர் வேறாக இருப்பது வழக்கம். இதிலும் டிஜே பிரீமியர், டயமண்ட் டி, 88-கீஸ், அலி ஷஹீத் முஹம்மது எனப் பலர் பங்கேற்றனர். ‘ஆயத்துல்லாஹ்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்ட ஒருவரும் உண்டு. பிறப்பிலேயே முஸ்லிமான அலி ஷஹீத், ‘எ டிரைப் கால்டு குவெஸ்ட்’ குழுவின் மூலம் முன்னரே புகழ்பெற்றவர். சில உருப்படிகளுக்கு மோஸ் டெஃப் தாமே இசையமைத்தார். தாமே கருவிகளையும் வாசித்தார். ராப் கலைஞர் ஒருவர் சொல்லோடு நில்லாமல் கருவியையும் கையிலெடுப்பது அக்காலத்தில் பரவலான வழக்கமன்று.

இசையமைப்பு என்று சொன்னாலும் பெரும்பாலும் நடப்பது வேறு. பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து சில நொடிகளை வெட்டியெடுத்து, கருவியில் ஏற்றி, வேகத்தை மாற்றி, மீண்டும் மீண்டும் சுழலவிட்டு அதன் மீது புதிய தாளத்தை அமைக்கின்றனர். இதனைச் சாம்பிளிங் என்பர். 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, அனுமதியின்றி இவ்வாறு எடுத்தாண்ட ஒரு ராப் கலைஞருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. திருட்டைத் தடைசெய்யும் தவ்ராத்தின் கட்டளையை மேற்கோள் காட்டியே நீதிபதி அத்தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளரிடம் அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டன. தொகுப்புகளின் செலவும் அமைப்பும் மாறின.

பிறர் ஆக்கத்தை எடுத்தாள்வது திருட்டா கலையா என்ற இதே வழக்கு அரபு இலக்கியத் திறனாய்வில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்தது. ஆமிதீயும் காழீ ஜுர்ஜானீயும் இப்னு ரஷீக்கும் ‘ஸரிகாத்’ எனும் தலைப்பில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கஸ்வீனீயின் ‘தல்கீஸ்’ நூலின் முடிவுரையில் பெரும்பகுதி இதுபற்றியதே. எந்த அளவு எடுத்தால் திருட்டு, எப்படி மாற்றினால் முன்னவரை மிஞ்சிய படைப்பு, பிறர் அடியைத் தன் கவியில் பொதிந்து வைக்கும் ‘தள்மீன்’ எது, குர்ஆன் சொல்லைத் தன் பேச்சில் கலக்கும் ‘இக்திபாஸ்’ எது என்றெல்லாம் அங்கு பிரித்துச் சொல்லப்படுகிறது. ‘முக்தஸருல் மஆனி’யை ஓதும் மாணவர்கள் ஆண்டிறுதியில் அவசரமாகக் கடக்கும் அல்லது கடக்காமலே விடும் பகுதி அது. இந்தத் தொகுப்பை விளங்கிக்கொள்ள அதைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை.

முதல் உருப்படியையே எடுத்துக்கொள்வோம். அதன் இசை, நைஜீரியாவின் ஃபெலா குட்டி 1977இல் வெளியிட்ட ‘ஃபியர் நாட் ஃபார் மேன்’ என்பதிலிருந்து எடுக்கப்பட்டது. ஃபெலா தம் பாட்டின் தொடக்கத்தில், கானாவின் தலைவர் குவாமே நிக்ரூமா உலகெங்குமுள்ள கறுப்பின மக்களுக்கு விடுத்த செய்தியாக, அச்சமின்மையே வாழ்வின் இரகசியம் என்ற கருத்தை அறிவிக்கிறார். நிக்ரூமா சொன்னதை ஃபெலா அறிவிக்க, ஃபெலா சொன்னதை மோஸ் டெஃப் எடுக்கிறார். ஒரு ஸனது போலவே சங்கிலி வருகிறது. மோஸ் டெஃப் தலைப்பில் ஓர் இடைச்சொல்லை மட்டும் மாற்றி ‘ஃபியர் நாட் ஆஃப் மேன்’ என்று வைக்கிறார். பாட்டுக்குள் போனால் மாற்றம் அதனினும் பெரிது என்பது புலப்படும். நிக்ரூமாவும் ஃபெலாவும் அஞ்சாதே என்றார்கள். ஏன் அஞ்சத் தேவையில்லை என்பதற்கு இவர் காரணம் தருகிறார். மனிதன் மாளப்போகிறவன், வானவர்கள் ஏட்டில் பதிந்துகொண்டிருக்கின்றனர், காரியங்களைப் பொறுப்பேற்க இறைவன் ஒருவனே போதும். கடைசிக் கருத்தை அவர் சொல்லும் ஆங்கிலச் சொற்கள், அப்துல்லாஹ் யூசுஃப் அலியின் குர்ஆன் மொழிபெயர்ப்பில் அஹ்ஸாப் அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் ஒலிக்கும் விதத்தையே ஒத்திருக்கின்றன. ‘அல்லாஹ் கூறினான்’ என்று முன்னுரைக்காமல் வசனத்தின் சாயலைப் பேச்சில் கலப்பது இலக்கணப்படி இக்திபாஸ் ஆகும். அச்சமின்மை எனும் அரசியல் முழக்கம் தவக்குல் எனும் அகீதாவின் மீது நிறுத்தப்படுகிறது. இரவல் வாங்கிய இசைக்கு இவர் கொடுத்த விலை இதுவே. கஸ்வீனீயின் அளவுகோலில் இதனைத் திருட்டென்று சொல்ல வழியில்லை.

இக்திபாஸை இப்னு ஹிஜ்ஜா அல்ஹமவீ மூன்றாக வகுப்பார். உபதேசங்களில் வருவது ஏற்கப்பட்டது. காதற் கவிதையிலும் கடிதத்திலும் கதையிலும் வருவது ஆகுமானது. இறைவனுக்குரியதைத் தனக்கு ஆக்கிக்கொள்வதும் கேலியில் கலப்பதும் தள்ளப்பட்டவை. மாலிக்கீ அறிஞர்கள் இதில் கடுமை காட்டினர். சுயூத்தீ ஆதரித்துத் தனிநூலே எழுதினார். இந்த வகுப்பின்படி முதல் உருப்படி முதல் வகையைச் சாரும். ஐந்து விழுக்காட்டினரின் பாடல்கள் சில மூன்றாம் வகையில் விழும்.

தொகுப்பின் எட்டாம் உருப்படி ‘உமி ஸேஸ்’. ஆங்கிலம் மட்டும் அறிந்த கேட்போர் பலர் ‘உமி’ என்பது யாரோ ஒருவரின் பெயர் என்றே எண்ணியிருப்பர். அது ‘உம்மீ’, என் தாய். ஷத்து உதிர்ந்துபோன அமெரிக்க உச்சரிப்பு. கறுப்பின முஸ்லிம் வீடுகளில் தாயை உமி என்றும் தந்தையை அபி என்றும் அழைப்பது பரவலான வழக்கம். அடிமைக் கப்பல்களில் மொழி பறிக்கப்பட்ட ஒரு சமூகம், சில நூற்றாண்டுகளுக்குப் பின் தாயை அழைக்கும் சொல்லாக அரபைத் தேர்ந்துகொண்டது என்பதை இந்தத் தலைப்பு எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. பாட்டில் தாய் சொல்லும் அறிவுரை, உன்னிடமுள்ள ஒளியை உலகுக்கு மறைக்காதே என்பதே. அதன்பின் தம் மக்கள் விடுதலை பெறவேண்டும் என்ற ஏக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. இதில் அவர் ராப் செய்வதைவிடப் பாடுவதே மிகுதி. குரல் பயிற்சி பெற்ற பாடகரின் குரலன்று. சில இடங்களில் தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்தைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். உடன் ஆர்கன் வாசித்தவர் வெல்டன் இர்வைன். நீனா சிமோனுக்குப் பாடல் வரிகள் எழுதித் தந்த மூத்த ஜாஸ் கலைஞர் அவர். 2002இல் மறைந்தார்.

அடுத்த பாடல் தண்ணீரைப் பற்றியது. அடிமைகள் கடத்தப்பட்ட கடலில் தொடங்கி, ஆலைக்கழிவு கலந்த ஆறு, ஏழை நாடுகளின் வறண்ட குழாய், புட்டியில் அடைத்து விற்கப்படும் நீர் என்று விரிகிறது. நீர், புல், நெருப்பு மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்று அபூதாவூதில் வரும் நபிமொழியை அறிந்தவருக்கு இப்பாடலின் சினம் விளங்கும். வெளியானபோது சிலர் இதை மிகைக் கற்பனை என்று கருதியிருக்கக்கூடும். 2014 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் குடிநீர் மூலத்தை மாற்றியபின், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நகரின் குழாய்களில் ஈயம் கலந்து வந்தது. அதன்பிறகு அப்பாடல் செய்தியறிக்கை போலவே கேட்கிறது.

பதினாறாம் பாடல் ‘மேத்தமேட்டிக்ஸ்’. இசை டிஜே பிரீமியருடையது. எண்களை அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு இது. பாதுகாப்புச் செலவு எத்தனை கோடி, சிறைத்தண்டனை விதிக்க எத்தனை நிமிடம், தாம் எழுதும் அடிகளுக்கான இலாபத்தில் தம் பைக்கு வருவது நூற்றுக்கு எத்தனை என்று கணக்குப் போடுகிறார். அமெரிக்கச் சிறைகளில் இருந்தோர் தொகை இருபது இலட்சத்தை நெருங்கிய காலம் அது. ஒரு மனிதனை எண்ணாக்கிவிட்டால் அவனுக்கு நேரும் எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே பாட்டின் குற்றச்சாட்டு. சொல்லாட்சியில் தொகுப்பின் உச்சம் இதுவே என்பது என் கருத்து. ராக் இசையைப் படைத்தவர்கள் கறுப்பர்கள், புகழும் பணமும் பெற்றவர்கள் வேறு சிலர் என்று வாதிடும் பத்தாம் பாடல் அந்த அளவுக்கு நுட்பமானதன்று. எல்விஸ் பிரெஸ்லியைத் தாழ்த்தித்தான் சக் பெரியை உயர்த்த வேண்டும் என்பதில்லை. தம் ஊரான புரூக்ளினைப் பாடும் பாடலில், நகரங்களின் சிறப்பை உரைத்த நம் ‘ஃபளாயில்’ நூல்களின் தொனி இருக்கிறது. மிகையும் அவற்றுக்கு நிகரே.

இனி மறைக்கக் கூடாத பகுதி. நான்காம் பாடலின் தலைப்பை இவ்விதழில் அச்சிட இயலாது. பெண்ணொருத்தியின் உடலழகைச் சுட்டும் கொச்சையான தொடர் அது. அரீதா ஃபிராங்க்ளின் 1965இல் பாடிய பாட்டொன்றின் துண்டின் மீது கட்டப்பட்ட காதற்கதை; இறுதியில் காதலன் ஏமாற்றப்படுகிறான். தொகுப்பின் முதல் தனிவெளியீடாக விற்பனைக்கு வந்ததும் இதுவே. பதினைந்தாம் பாடலின் தலைப்பில் கறுப்பரை இழிவுபடுத்தும் வசைச்சொல் இருக்கிறது. ஆனால் அதன் உள்ளடக்கம் அவ்வசைக்கு எதிரானது. நன்கு உடுத்தி, முதல் வகுப்பில் பயணிக்கும் கறுப்பரையும் கடையிலும் விமானத்திலும் எல்லோரும் திருடனாகவே பார்ப்பதைச் சொல்கிறது. ஆங்காங்கே பிற பாடல்களிலும் நாவுக்கு ஆகாத சொற்கள் உண்டு.

இதற்கு எதிராகக் கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் ‘பானத் சுஆத்’ கவிதையை எடுத்துக்காட்டுவோர் உண்டு. காதலியின் வருணனையில் தொடங்கும் அக்கவிதையை அண்ணலார் (ஸல்) செவிமடுத்துப் போர்வையைப் பரிசளித்தார்கள். உண்மைதான். ஆனால் சுஆத் என்பது மரபு தந்த பெயர். குறிப்பிட்ட ஒரு பெண்ணின் மானம் அங்கு சந்தைக்கு வரவில்லை என்பது நம் அறிஞர்களின் விளக்கம். கவிஞரும் மன்னிப்புக் கோரி வந்தவர், விற்பனைக்கு வந்தவரல்லர். ஆகவே அந்த ஒப்புமை முழுமையாகப் பொருந்தாது. முதலில் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை தரலாம். பிஸ்மில்லாஹ் முதல் உருப்படியின் மீது பொருந்துகிறது; நான்காவதன் மீது பொருந்தவில்லை. ஒரே அட்டைக்குள் இரண்டும் இருப்பதால் ஒன்றின் சட்டத்தை மற்றதன் மீது சுமத்துவது முறையன்று.

வரவேற்பு

தொகுப்பு ‘பில்போர்டு 200’ பட்டியலில் 25ஆம் இடத்தை எட்டியது. ஐந்து இலட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்று 2000 பிப்ரவரியில் கிடைத்தது. சிறு நிறுவனமொன்றுக்கு அது பெரிய எண்ணிக்கை. 1996இல் டுபாக் ஷகூரும் 1997இல் நொடோரியஸ் பி.ஐ.ஜி.யும் சுட்டுக்கொல்லப்பட்ட பின், ராப் உலகம் ஆடம்பரமும் ஆரவாரமுமாக மாறியிருந்தது. அச்சூழலில் சிந்தனையை முன்வைத்த இத்தொகுப்பை இசை விமர்சகர்கள் பெரிதும் பாராட்டினர். சிறந்த ராப் தொகுப்புகளின் பட்டியல்களில் இன்றும் அது இடம்பெறுகிறது.

இது உருவான ஆண்டில்தான், 1999 பிப்ரவரி 4 அன்று, அமது தியாலோ என்ற இருபத்துமூன்று வயது இளைஞரை நியூயார்க் காவலர் நால்வர் அவருடைய வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றனர். கினி நாட்டிலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம். கையில் ஆயுதமில்லை. சுடப்பட்ட குண்டுகள் 41. உடலில் பாய்ந்தவை 19. மறு ஆண்டு பிப்ரவரியில் நால்வரும் விடுவிக்கப்பட்டனர். மோஸ் டெஃபும் குவேலியும் பல கலைஞர்களைத் திரட்டி, இக்கொலையைக் கண்டித்து 2000இல் ராக்கஸ் மூலமே ஒரு குறுந்தொகுப்பை வெளியிட்டனர். இப்பின்னணியோடு கேட்டவர்களுக்கு முதல் பாடலின் ‘மனிதனுக்கு அஞ்சாதே’ என்பது வெறும் அணியாகத் தோன்றியிருக்காது.

முஸ்லிம்களிடையே வரவேற்பு ஒரே விதமாக இல்லை. இருக்கவும் முடியாது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை இமாம்கள் தஃப் நீங்கலான இசைக்கருவிகளை விலக்கினர். இப்னு ஹஸ்ம் தடைக்கான நபிமொழிகள் அனைத்தும் பலவீனமானவை என்று வாதிட்டு ஆகுமாக்கினார். கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் ஸமாஉவை அடிப்படையில் ஆகுமாக்கி, பாடுபவர், கருவி, பாடற்பொருள், கேட்பவரின் உள்ளநிலை, அதிலேயே மூழ்கிப்போதல் ஆகிய ஐந்து வழிகளில் அது விலக்கப்பட்டதாக மாறும் என்றார். நரம்புக் கருவிகள் மதுவருந்துவோரின் அடையாளம் என்பதால் அவரும் தடுத்தார். ஆக, மோஸ் டெஃப் கையிலெடுத்த பேஸ் கிட்டார், இளக்கம் காட்டிய இமாமின் வாயிலையும் கடக்கவில்லை. கேட் ஸ்டீவன்ஸாக உலகப்புகழ் பெற்ற யூசுஃப் இஸ்லாம் 1977இல் இஸ்லாத்தை ஏற்றபின் கிட்டாரைக் கைவிட்டு, 2006இல்தான் மீண்டும் அந்த வகைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். ஒருவர் இருபதாண்டுகளுக்கு மேல் விட்டு விலகி நின்ற கதவை, இன்னொருவர் பிஸ்மில்லாஹ் சொல்லித் திறந்துகொண்டு போனார். இருவரும் தத்தம் மனச்சாட்சிப்படியே நடந்தனர் என்று நல்லெண்ணம் கொள்வதற்கு ஃபிக்ஹ் தடைசெய்யவில்லை.

கல்வியாளர்களும் இத்துறைக்குள் வந்தனர். ஹெச். ஸாமி ஆலிம் எனும் மொழியியலாளர் மோஸ் டெஃபை நேர்கண்டு எழுதினார். 2016இல் சுஆத் அப்துல் கபீர் ‘முஸ்லிம் கூல்’ எனும் நூலில், அமெரிக்க முஸ்லிம் இளைஞர்கள் ஹிப் ஹாப் வழியாகத் தம் மார்க்க அடையாளத்தை எவ்வாறு அமைத்துக்கொள்கின்றனர் என்று ஆராய்ந்தார். ஆலிமுடன் பேசியபோது மோஸ் டெஃப் ஓர் ஒப்புமையை முன்வைத்தார். குர்ஆனின் ஓசைநயம் மனனத்துக்கு உதவுவதுபோல ராப்பின் எதுகையும் செய்தியை நெஞ்சில் தங்கச் செய்கிறது என்பது அதன் சாரம். இதை அவர் பணிவோடுதான் சொன்னார். எனினும் இங்கு ஒரு கோடு போட வேண்டியுள்ளது. பாகில்லானீ ‘இஃஜாஸுல் குர்ஆன்’ நூலில் இதையே விவாதித்து, குர்ஆனில் ஸஜ்உ இல்லை என்றார். ஸஜ்உவில் பொருள் ஓசைக்குப் பின்னால் செல்கிறது, குர்ஆனின் ஃபாஸிலாவில் ஓசை பொருளுக்குப் பின்னால் செல்கிறது என்பது அவர் காட்டும் வேறுபாடு. ராப் கலைஞர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் எதுகை கிடைக்கும் திசையில்தான் அவருடைய பொருள் நகரும். மனனத்துக்கு உதவுவது இரண்டுக்கும் பொது. அதற்குமேல் ஒப்புமை செல்லாது.

இதில் தற்செயலாக அமைந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 2011இல் அவர் மோஸ் டெஃப் என்ற பெயரைக் கைவிட்டு யாசீன் பே என்று அழைக்கப்பட விரும்புவதாக அறிவித்தார். அந்த யாசீன் அத்தியாயத்தின் 69ஆம் வசனத்தில்தான், நபியவர்களுக்குக் கவிதை கற்பிக்கப்படவில்லை, அது அவருக்குத் தகுந்ததுமன்று என்ற கருத்து வருகிறது. கவிதையையே தொழிலாகக் கொண்டவர் தேர்ந்த பெயர் அது. அவ்வசனம் கவிதையைப் பழிக்கவில்லை, வஹீயைக் கவிதையிலிருந்து பிரித்துக்காட்டுகிறது என்பதே முஃபஸ்ஸிர்களின் விளக்கம்.

2013 ஜூலையில், ரமளானை ஒட்டி, குவாண்டனாமோ சிறையில் உண்ணாநோன்பிருந்த கைதிகளுக்கு மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி வலிந்து உணவூட்டும் முறையைத் தம் உடலிலேயே செய்து காட்டும் ஒரு குறும்படத்தில் அவர் தோன்றினார். ‘ரிப்ரீவ்’ என்ற மனித உரிமை அமைப்புக்காக ஆசிஃப் கபாடியா இயக்கியது. அதில் பாட்டு இல்லை, எதுகை இல்லை. சில நிமிடங்களிலேயே வலி தாங்காமல் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறார். அவருடைய தொகுப்புகளை ஒருபோதும் கேட்டிராத முஸ்லிம்கள் பலர் அவரை முதன்முதலில் அறிந்தது இப்படத்தின் மூலமே.

1999ஆம் ஆண்டுத் தொகுப்பின் கடைசி உருப்படிக்கு ‘மே-டிசம்பர்’ என்று பெயர். அதில் சொற்களே இல்லை; கருவிகள் மட்டும் ஒலிக்கின்றன. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கி, முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக ஓயாமல் பேசிய மனிதர் அங்கு வாய்திறப்பதில்லை. இமாம்கள் கருத்து வேறுபட்ட பகுதி மட்டுமே அங்கு எஞ்சுகிறது.